காய்ந்த அரிசி

இந்தக் காலத்து ஜனங்களுக்கு அச்சில் வந்துவிட்டால் போதும், கழுதை முட்டை போட்டது என்றாலும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள் என்று பெரியநாயகம் முணுமுணுத்தார்.

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் பாண்டுரங்கன் துப்பறியும் நாவலின் கடைசி அத்தியாயத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். டீ ஆறுவதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

கதையில் ஒரு துரை பங்களாவில் வைர மாலை காணவில்லை. பூதக்கண்ணாடியோடு வந்த வெள்ளைக்கார இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கோட்டுக்குக் கீழே வேட்டி கட்டிய நம்மூர்த் துப்பறிவாளர் சமையல்கட்டிலிருந்து ஒரு படி பச்சரிசி மட்டும் கேட்டார்.

வேலைக்காரர்களுக்கு ஆளுக்கொரு வாய். மென்று துப்பச் சொன்னார்.

பட்லரின் அரிசி மட்டும் காய்ந்த மாவாக விழுந்தது. குற்றமுள்ளவன் வாயில் எச்சில் ஊறாது என்றார் துப்பறிவாளர். பட்லர் அவர் காலில் விழுந்தான்.

தங்கள் வீட்டுப் பிள்ளையே துரையை ஜெயித்துவிட்ட மாதிரி பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அப்பாவு மட்டும் சிரிக்கவில்லை.

இருபது வருஷத்துக்கு முன்னால், ஐம்பத்திரண்டில், பென்னலூர் கோயிலில் மாதா சுரூபத்தின் வெள்ளிக் கிரீடம் காணாமல் போனது. அப்போது கோயிலைக் கவனித்துக்கொண்ட உபதேசியார் செய்ததும் இதேதான். நாளைக்கு அரிசிச் சோதனை என்று முதல் நாளே சொல்லிவிட்டு, கோயில் சாவி புழங்கிய ஆறு பேரை வாசலில் நிற்க வைத்து அரிசி கொடுத்தார். அப்பாவுவின் அக்கா ஞானம்மா துப்பியது காய்ந்து விழுந்தது. பொழுது சாய்வதற்குள் அவளை ஊரைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஆறு பேரில் இப்போது உயிரோடு இருப்பது இரண்டே பேர். ஞானம்மா ஒருத்தி. ஊர்ப் பெரியவர் பெரியநாயகம் ஒருவர்.

அப்பாவு டம்ளரை வைத்துவிட்டு அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான்.

“நைனா, அக்கா படப்பையில இழுத்துக்கினு கீது. நம்மூரு கல்லறையிலதான் போடணும்னு அழுவுது. திருடிக்கு எடம் இல்லன்றானுங்க. நீ ஒரு வார்த்த சொன்னா ஊரு கேக்கும்.”

பெரியநாயகம் தரையைப் பார்த்தார்.

அரிசி கொடுத்த அன்றைக்குப் பெரிய வெள்ளிக்கிழமை. ஊரே ஒருசந்தி விரதம் என்றுதான் பேர். கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் கஞ்சி குடித்திருந்தார்கள். விடிந்ததிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் படாத வாய் ஞானம்மா ஒருத்தியுடையதுதான். வெயிலில் அவர் நீட்டிய செம்பைக்கூடக் கும்பிட்டு விலக்கினாள்.

“அதுல எழுதிக்கிறதெல்லாம் பொய்யிடா. பட்டினி கெடந்தாலும் வாய் காயும்” என்றார்.

அப்பாவுவின் முகம் மலர்ந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“இத்தத்தான் நைனா, ஊருல வந்து சொல்லு.”

சொல்லலாம். சொன்னால், அவள் இல்லை என்றால் அப்புறம் யார் என்று ஊர் கேட்கும்.

பெரியநாயகம் கையை மெல்ல உருவிக்கொண்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். நாளைக்குப் பார்க்கலாம் என்றார். நாளைவரை அவள் தாங்குவாளா என்று அவர் கேட்கவில்லை.

முதுகுக்குப் பின்னால், என்ன மூளை பாரு அந்த ஆளுக்கு என்று யாரோ மெச்சுவது கேட்டது.

பெரிய மூளை. காய்ந்த வாயைக் கண்டுபிடிக்க ஒரு ஆளா? ஈரமாயிருந்த வாயைத் திறந்து எவனாவது பார்த்தானா?

பார்த்திருந்தால், அன்றைக்கு அவர் கடைவாயில் அடக்கி வைத்திருந்த கொட்டைப்பாக்களவு புளி அகப்பட்டிருக்கும்.

ரோட்டைத் தாண்டி அவர் நடந்துகொண்டே இருந்தார். வாய் காய்ந்துகிடந்தது.