பஞ்சு வைத்த பீத்தோவன்

இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, தலையில் சாம்பல் நிறக் கம்பளி நூலைப் பரட்டையாக ஒட்டிக்கொண்டு வந்து நின்றாள் டில்டா. கார்னிவல் திருவிழா வியாழக்கிழமை, ஊரே வேஷம் போடும் நாள். ஜெர்மனியின் பான் நகரத்து அந்தக் குழந்தைகள் பள்ளியில் இளவரசிகளும் கடற்கொள்ளைக்காரர்களும் மோதிக்கொண்டு ஓட, நடுவில் இந்த ஐந்து வயசுப் பீத்தோவன் மட்டும் அசையவில்லை.

"அடடே, யாரு இது?" என்று குனிந்தாள் ஆசிரியை ஸ்வென்யா.

"என்ன? எனக்குக் கேக்கல."

ஸ்வென்யாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இதே ஊரில் பிறந்த பீத்தோவனின் இசையை இதே ஊர்க் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டி, கதையாகச் சொல்லி, ஒரு மாதமாகத் தொண்டை வற்றியிருந்தாள். மற்றதெல்லாம் தரையில் உருண்டன, மூக்கை நோண்டின. இவள் ஒருத்திதான் வாயைப் பிளந்து கேட்டாள்.

கேட்டதோடு விட்டாளா? "காது போனப்ப அவருக்கு வலிச்சுதா?" "ஒரேயடியாப் போச்சா, கொஞ்சம் கொஞ்சமாப் போச்சா?" நேற்றுக்கூட எல்லோரும் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தபோது வந்து பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "சின்னப் பாப்பாவுக்கும் அப்படிப் போகுமா ஸ்வென்யா?"

"போகாதுடா செல்லம். பயப்படாத."

டில்டாவின் முகம் தொங்கிப்போனது. செத்துப்போன ஒரு மனுஷனுக்காக இந்த வயசில் இப்படி ஒரு வருத்தமா என்று ஸ்வென்யா பூரித்துப்போனாள்.

ஸ்வென்யாவின் அப்பா குப்பை லாரி ஓட்டியவர். அவள் பியானோவைத் தொட்டுப் பார்த்ததே பல்கலைக்கழகத்தில்தான். "உங்க வீட்டுல யாரு என்ன வாசிப்பாங்க?" என்று கூடப் படித்தவர்கள் சாதாரணமாகக் கேட்டார்களே, அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஊர் இசைப் பள்ளியில் இலவச இடம் வருஷத்துக்கு ஒன்று. அதுவும் எப்படியோ டாக்டர் வீட்டுக்கோ வக்கீல் வீட்டுக்கோதான் போய்ச் சேரும். இந்த வருஷம் விடுவதாக இல்லை. பஸ் ஓட்டுகிறவரின் மகளான டில்டாவுக்கு அதை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை.

இசைப் பள்ளியின் தலைவர் ஓவராத் டை கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"இன்னிக்குப் போய் டையா? தைரியம்தான் உங்களுக்கு" என்று ஸ்வென்யா கத்தரிக்கோலை எடுத்து நறுக்கென்று பாதியில் வெட்டினாள். அன்றைக்கு ஊரில் எந்தப் பெண்ணும் எந்த ஆணின் டையையும் வெட்டலாம். கேள்வி கிடையாது.

"ஐயோ, எனக்குப் பிடிச்ச டைங்க அது!"

"அப்ப நாளைக்குன்னு எடுத்து வெச்சிருக்கணும்."

மிச்சமிருந்த துண்டைத் தடவிக்கொண்டு அவர் குழந்தை நாற்காலியில் மடங்கி உட்கார்ந்தார். "சரி, எங்க உங்க மேதை? மனப்பாடம் பண்ணவெச்சுக் கூட்டிட்டு வந்தா எனக்குத் தெரிஞ்சிரும், சொல்லிட்டேன்."

"நான் ஒரு வார்த்தை சொல்லித் தரல. நீங்களே கேளுங்க."

வாசலில் ஒரே சிரிப்பு. மகளை அழைத்துப்போக வந்திருந்த டில்டாவின் அப்பா, சிவப்புக் கோமாளி மூக்கை மாட்டிக்கொண்டு, தோளில் கைக்குழந்தை மகனோடு ஆடிக் காட்டிக்கொண்டிருந்தார். "எங்க பரம்பரையிலேயே முதல் பீத்தோவன்! வழி விடுங்கப்பா!" என்றார். மற்ற அம்மாக்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். தங்கமான மனுஷன். பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லுவார்.

"கொஞ்சம் வெளியில இருங்க. அவ தனியாத்தான் பேசணும்" என்று ஸ்வென்யா கதவைச் சாத்தினாள். டில்டாவின் காதுப் பஞ்சை மெல்ல எடுத்துவிட்டாள். தனக்கே தேர்வு நடப்பது போலிருந்தது.

"பீத்தோவன்கிட்ட உனக்கு என்ன பிடிக்கும் பாப்பா?" என்றார் ஓவராத்.

"அவருக்கு ஒண்ணுமே கேக்காது."

"ஒண்ணுமே கேக்காமலும் எவ்ளோ அழகா இசை எழுதினாரு, அதானே?"

டில்டா தலையில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்தாள். சொல்லுடி, சொல்லு என்று ஸ்வென்யாவின் உதடு தானாக அசைந்தது.

"எங்க பள்ளிக்கூடத்துல உன்னைச் சேர்த்துக்கிட்டா முதல்ல என்ன கத்துக்குவ? பியானோவா, வயலினா?"

"காது கேக்காமப் போறதுக்கு என்ன பண்ணணும்னு. ஸ்வென்யாவுக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியும்ல?"

ஓவராத் கடகடவென்று சிரித்துவிட்டார். இப்படி ஒரு பதிலை எந்த டாக்டர் வீட்டுப் பிள்ளையும் சொன்னதில்லை என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. ஸ்வென்யாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இடம் கிடைத்துவிட்டது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பஞ்சு வெச்சும் நல்லாக் கேக்குது" என்றாள் டில்டா, குற்றம் சொல்வது போல.

"சரிதான். காது கேக்காமப் போறது எதுக்கும்மா உனக்கு?" என்றார் ஓவராத்.

"எனக்கில்ல, தம்பிக்கு. அப்பா அம்மாவ அடிக்கிறப்ப அவன் ரொம்பப் பயப்படுறான்."