சிவப்புத் தையல்

காலையில் என் கணவர் காஸ்பரே இறக்கைகளைக் கட்டிக்கொண்டு கோட்டைச் சுவரிலிருந்து குதித்தார். நேராகப் போய்த் திரசிமேனோ ஏரியில் விழுந்தார். மீனவர்கள் அவரைத் தூக்கி வந்தார்கள். இறக்கைகள் மூழ்கிவிட்டன. ஊரே சிரித்தது.

மத்தியானம் அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்போரமாக மொச்சை சூப் குடித்துக்கொண்டிருந்தார். மீன்காரி மெனிக்கா வாசலில் வந்து நின்றாள்.

"ஏ பியேரா, உன் வீட்டுக்காரர் இன்னும் பறந்துக்கிட்டு இருக்காரு. வந்து பாரு."

"அவரு உள்ள சூப் குடிக்கிறாரு. வெயில்ல உனக்குத் தலை சுத்துதா?"

"அப்ப மேல இருக்கிறது யாரு?"

நான் வெளியே போய் அண்ணாந்து பார்த்தேன். வெள்ளைப் பட்டு இறக்கைகள் ஏரிக்கு மேல் வட்டமடித்துக்கொண்டிருந்தன. எங்கள் கூரையை ஒட்டித் தாழ்ந்தபோது இடது இறக்கையின் ஓரத்தில் சிவப்புத் தையல் தெரிந்தது. வெள்ளை நூல் தீர்ந்துபோனதால் கடைசி ஒரு சாண் நீளத்தை மட்டும் நான் சிவப்பு நூலால் தைத்திருந்தேன்.

"பியேரா, கை விட்டுப்போவுது," என்று மேலிருந்து குரல் வந்தது. காஸ்பரேயின் குரல்தான். "எப்படி இறங்கறதுன்னு உள்ள இருக்கிறவன்கிட்ட கேட்டுச் சொல்லு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரும்பினேன். காஸ்பரே கிண்ணத்தோடு வாசலுக்கு வந்திருந்தார். மேலே பார்த்தார்.

"இறங்கறதுக்கு நான் ஒரு வழியும் பண்ணி வைக்கலையே, பியேரா," என்றார். "பறக்கிற வரைக்கும்தான் யோசிச்சேன்."