செங்கல் நிறம்

ஆபீஸ் கழிப்பறைக் கண்ணாடி முன் நின்று, அவள் லிப்ஸ்டிக்கின் அடிக்கட்டையைச் சுண்டுவிரலால் சுரண்டி எடுத்தாள். உதட்டில் அழுத்தித் தேய்த்தாள்.

செங்கல் நிறம்.

"தொடச்சுட்டுப் போ கண்ணு." கணக்குப் பிரிவு பூங்கோதை அக்கா பின்னால் நின்றிருந்தாள். "விசாரணைக்குப் போறவ இப்படியா போவா? உன்ன நம்பலீன்னா ஓசூர் குடோனுக்குத் தூக்கி அடிச்சிருவாங்க. ஆர்டர் ரெடியா இருக்குதாமா."

"தொடச்சா நம்பிருவாங்களாக்கா?"



அவள் படியேறினாள்.

லிப்ஸ்டிக் என்றால் அவளுக்குப் பைத்தியம். முதல் சம்பளத்தில் தொடங்கியது. காந்திபுரம் கடையில் மணிக்கட்டில் கோடு கோடாகப் போட்டுப் பார்த்து, விளக்கடியில் நின்று, வெயிலில் நின்று, ஒன்றைத் தேர்ந்தெடுப்பாள். அந்த வாரம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

பிறகு மேனேஜர் சண்முகராஜ் பெயர் வைக்க ஆரம்பித்தார்.

"இன்னிக்கு என்ன, செர்ரியா?"

மறுநாள் அவள் வேறு நிறம் போட்டு வந்தாள்.

"ஓ, ஜிலேபி."

அதையும் விட்டாள். இன்னொன்று வாங்கினாள். அதற்கும் பெயர் வைத்தார். எல்லாமே தின்கிற பொருள்.

ஹாஸ்டல் அலமாரி நிரம்பியது. எது ஆசைப்பட்டு வாங்கியது, எது பயந்து வாங்கியது என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை.

"கடை வைக்கப் போறியாடி?" அறைத்தோழி ஆக்னஸ்தான் கேட்டாள். எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் வாரிப் போட்டுத் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். "ஒண்ணு எடு. ஒண்ணே ஒண்ணு. அதத் தீத்துட்டு வா. அதுக்கப்புறமும் எதெல்லாம் வேணும்னு தோணுதோ, அது உனக்கு. மிச்சத்த தூக்கிப் போட்டுருவேன்."

செங்கல் நிறத்தை எடுத்தாள்.

"குலாப் ஜாமூன்" என்றார் மேனேஜர்.

மறுநாளும் அதையே போட்டுக்கொண்டு போனாள். போட வேறில்லை.

"நேத்து ஜாமூன் இன்னிக்குமா? ஊசிப் போயிருக்காதா?"

அதற்கடுத்த நாளும் அதே நிறம். அன்றுதான் அவளுக்கு ஒன்று புரிந்தது. இத்தனை நாள் ஓடிக்கொண்டிருந்தது அவள். இப்போது நிற்கிறாள்.

ஒரே நிறத்துக்கு எத்தனை பெயர் வைப்பது? அவருக்குத் தீர்ந்துவிட்டது.

பெயர் தீர்ந்ததும் கை நீண்டது. ஃபைல் கொடுக்கும் சாக்கில் கட்டைவிரல் உதடு வரைக்கும் வந்தது.

தட்டிவிட்டாள். அன்று மாலையே புகார் கொடுத்தாள்.

மாடி அறையில் நீள மேஜை. நடுவில் விசாரணைக் குழுவின் தலைவர் நாச்சம்மாள் மேடம். எதிரே மேனேஜர், இஸ்திரி கலையாமல்.

"நான் இவங்க மூஞ்சியவே சரியாப் பாத்ததில்லைங்க மேடம். என்ன கலர் போடறாங்கன்னு எனக்கெப்படித் தெரியும்?"

நாச்சம்மாள் மேடம் அவள் பக்கம் திரும்பினார். பார்வை உதட்டில் நின்றது.

"ஒரு மாசமா தெனமும் இதே கலர்ல வந்திருக்கீங்க. இன்னிக்கும். அவர் பேசறது பிடிக்கலீன்னா நிறுத்தியிருக்கலாமே?"

"நிறுத்திப் பாத்துட்டேங்க மேடம்."

காலையில் ஆக்னஸிடம் கேட்டு வாங்கி வந்த துணிப்பையை மேஜை மேல் கவிழ்த்தாள்.

லிப்ஸ்டிக்குகள் உருண்டன. ஒன்று மேனேஜரின் முழங்கையில் முட்டி நின்றது. அவர் கையை இழுத்துக்கொண்டார்.

ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து நிமிர்த்தி வைத்தாள். எல்லாம் முனை மழுங்காதவை. ஒரு நாள் போட்டது. இரண்டு நாள் போட்டது.

"இதெல்லாம் நிறுத்தினது."



"அவர் பேர் வெச்சார். நான் நிறுத்தினேன். வேற வாங்கினேன். அதுக்கும் வெச்சார்." விரலால் தொட்டுக் காட்டினாள். "இது ஜிலேபி. இது பேரீச்சம்பழம்."

"கற்பனைங்க மேடம்" என்றார் மேனேஜர். சிரிக்கக்கூடச் செய்தார்.

அவள் விரல் அடர்சிவப்பு ஒன்றின் மேல் நின்றது.

"இது கொய்யா."

அடுத்திருந்த இளஞ்சிவப்புக்கு நகர்ந்தாள்.

"இது செர்ரி."

மேனேஜரின் புருவம் சுருங்கியது. மீட்டிங்கில் யாராவது ஒரு எண்ணை மாற்றிச் சொன்னால் போதும், வாக்கியம் முடியும்வரை அவரால் பொறுக்க முடியாது. சுருங்குகிற அந்தப் புருவத்தை ஆபீஸ் முழுக்க அறியும்.

"இல்லைல்ல, மாத்திச் சொல்றீங்க. முன்னாடி காட்டினதுதான் செர்ரி. இதுதான் கொய்..."

நிறுத்தினார்.

அவளுக்குத் தெரியாதா என்ன, எது செர்ரி என்று?

குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவரின் பேனா நின்றது.

மேனேஜர் கைக்குட்டையைத் தேடினார். சட்டைப்பையில் இல்லை. பேன்ட் பாக்கெட்டிலும் இல்லை.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், செங்கல் நிறத்தில்.

நாச்சம்மாள் மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். வரிசையில் அடுத்திருந்த ஆரஞ்சு நிற லிப்ஸ்டிக்கை எடுத்தார். மேஜையின் மேல் மெல்ல, மேனேஜரின் பக்கமாக நகர்த்தினார்.

"இதுங்க சார்?"