ஒரு மட்ச் வெல்லும்வரை

புள்ளிகள் சமமாக நின்றன. கூடைப்பந்தாட்டம் முடியச் சில விநாடிகள் இருந்தபோது எங்கள் கல்லூரிப் பிள்ளைக்கு ஒரு பிறீ துறோ கிடைத்தது.

யாரும் மறிக்க மாட்டார்கள். கோட்டுக்குப் பின்னால் நின்று ஆறுதலாகக் கூடைக்குள் போட வேண்டியதுதான். அதைக்கூட எங்கள் அணி அந்த வருடம் ஒழுங்காகச் செய்ததில்லை.

எறிய வந்தவன் எங்கள் தெருப் பிறிஜெற்றின் மகன். உயரத்தைப் பார்த்துத்தான் அவனை அணியில் சேர்த்தார்கள். மாங்காய் பிடுங்க மட்டும்தான் இவன் லாயக்கு என்று என் கணவர் கிளெமென்ற் சனிக்கிழமை தோறும் மைதானம் முழுக்கக் கேட்கக் கத்துவார்.

அன்று கத்தவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இவன் போட்டுவிட்டால் என் நல்ல காலம் முடிந்தது.

முந்திய வருடக் கடைசியில் எங்கள் கல்லூரி ஒரு மட்சில் கேவலமாகத் தோற்றது. கிளெமென்ற் அங்கே படித்தவர். அந்தக் கோபத்தில் நேரே கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய், துறைமுகத்துச் சிநேகிதர்களுக்கு முன்னால் நேர்த்தி வைத்தார். இந்தப் பிள்ளைகள் ஒரு மட்ச் வெல்லும்வரை சாராயத்தைத் தொடுவதில்லை.

அவருடைய கணக்கில் அது ஒரு கிழமை விரதம். அடுத்த சனிக்கிழமை ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தோடு ஆட்டம் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வெல்லலாம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அவர்களிடமும் தோற்றோம். பிறகு எல்லோரிடமும் தோற்றோம்.

அந்தோனியாருக்குக் கொடுத்த வாக்கோடு எங்கள் கொட்டாஞ்சேனையில் யாரும் விளையாட மாட்டார்கள். கிளெமென்ற் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். செவ்வாய்க்கிழமைகளில் மெழுகுதிரி கொளுத்தி, ஒரே ஒரு வெற்றி தரும்படி மன்றாடினார். சனிக்கிழமைகளில் தொண்டை கட்டும்வரை பிள்ளைகளைத் திட்டினார். பந்து கையில் வந்தால் சுடுசட்டியைத் தொட்ட மாதிரி எதிரிக்குக் கொடுத்துவிடுகிறார்கள் என்பார். இவர்களுக்கு முட்டையும் பாலும் வாங்கிக் கொடுப்பது வீண் செலவு என்பார். வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அதே கதைதான். நான் பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு உம் கொட்டியபடி வருவேன்.

வீட்டில் நடந்ததுதான் அதிசயம். வேலை விட்டதும் நேரே வந்தார். மீன் வாங்கி வந்தார். பீங்கான்கள் உடைவது நின்றது. தகப்பனின் சத்தம் படியில் கேட்டாலே அறைக்குள் ஓடி ஒளிகிற மகள் ஐறீன், அவரோடு உட்கார்ந்து கரம் போர்ட் ஆடத் தொடங்கினாள். தோற்றால் அவரிடம் சண்டையும் பிடித்தாள்.

கல்யாணம் செய்த நாளிலிருந்து நான் இப்படிச் சந்தோஷமாக இருந்ததில்லை. அதை மறைத்து என்ன பயன்?

ஆகவே நானும் வேண்டிக்கொண்டேன். அந்தோனியாரை இரண்டு பக்கமும் இழுக்க மனம் வரவில்லை. புனித லூசியா ஆலயத்துக்குப் போனேன். கண்ணுக்கான புனிதை அவர். தாயே, இந்தப் பிள்ளைகளின் பார்வையை நன்றாக வைத்திரு, அந்தக் கூடை மட்டும் அவர்கள் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று கேட்டேன்.

ஒரு மட்சையும் தவறவிடாத ஒரே ஆதரவாளர் என்று பயிற்றுவிப்பாளர் என்னைப் பலமுறை புகழ்ந்திருக்கிறார். வெட்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை போய்விடுவேன்.

பிறிஜெற்றின் மகன் பந்தை நிலத்தில் தட்டினான். மூச்சை இழுத்து விட்டான். எனக்கு அந்தப் பக்கம் பார்க்கத் தைரியம் வரவில்லை. கிளெமென்றின் முகத்தைப் பார்த்தேன்.

பந்து வளையத்தில் பட்ட சத்தம் கேட்டது. பிறகு மைதானமே எழும்பிக் கத்தியது.

மீதி விநாடிகளும் ஓடி முடிந்தன. வென்றுவிட்டோம்.

எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து முதுகில் தட்டினார்கள்.

ஹெக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். துறைமுகத்தில் கிளெமென்றோடு வேலை செய்பவர். நேர்த்தி வைத்தபோது பக்கத்தில் நின்றவர். நேர்த்தி நிறைவேறிவிட்டது, சாராயத் தவறணை திறந்திருக்கிறது, எழும்பு என்று கையைப் பிடித்து இழுத்தார்.

கிளெமென்ற் எழும்பவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, பிள்ளை நின்று எறிந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஹெக்டருக்கும் கேட்கும்படி என்னிடம் சொன்னார்.

“மெற்றில்டா, எறியேக்க அவன்ட கால் கோட்டில பட்டது. றெபறி காணேல்ல, நான் கண்டனான். இதையெல்லாம் வெற்றியெண்டு சொல்லி அந்தோனியாரை ஏமாத்தலாமோ?”

ஹெக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். நம்பவில்லை. சாட்சிக்கு என் பக்கம் திரும்பினார்.

அந்தப் பந்து பிள்ளையின் கையை விட்டுப் போன நேரம், கிளெமென்ற் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.

“ஓம்,” என்றேன். “நானும் கண்டனான்.”