அழுக்குத் துணி பிடித்த இடம்

டவுன் பஸ்ஸின் முன்வரிசை ஜன்னலோர சீட்டுக்கு அன்று இருப்புக்கொள்ளவில்லை. வருஷக்கணக்காக அது ஒரு விஷயத்தைக் கவனித்து வந்தது. 'புகை பிடிக்காதீர்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தும் ஊதுகிறவன் ஊதுகிறான். எங்கேயும் எழுதாத ஒரு சட்டத்தை மட்டும் ஒருத்தரும் மீறுவதில்லை. ஜன்னல் வழியாகத் துண்டு போட்டுவிட்டால் அந்த இடம் துண்டுக்காரருடையது.

'துண்டு மட்டும் வந்து, ஆளே வராவிட்டால்?'

டிரைவர் பக்கத்துக் கம்பியில், கண்டக்டர் கண்ணாடி துடைக்கும் அழுக்குத் துணி தொங்கியது. "டேய், காத்தடிச்சதும் என் மேல விழுடா! பார்த்துடுவோம்!" என்றது சீட்.

"ஐயையோ, என் லட்சணத்துக்கு வெளியே வீசிடுவாங்க!" என்று நடுங்கிக்கொண்டே துணி பறந்து வந்து விழுந்தது.

சந்தைக் கூட்டம் முண்டியடித்து ஏறியது. ஒரு பெரியவர் துணியைப் பார்த்து, "யாரோ வராங்க போல" என்று நகர்ந்தார். பூக்கூடைக்காரம்மா பெருமூச்சு விட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. துணி மட்டும் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது.

"ஜெயிச்சுட்டோம்டா!" சீட்டின் ஸ்பிரிங்கெல்லாம் துள்ளியது.

"கத்தாதே, கண்டக்டர் வர்றாரு! என்னைத் தெரியாமலா இருக்கும்?" துணி சுருண்டுகொண்டது.

கால் கடுக்க வந்த கண்டக்டர், "ஏம்மா, இடம் காலியாத்தானே இருக்கு?" என்றார்.

"யாரோ துண்டு போட்டிருக்காங்கண்ணே."

"அப்படியா, சரி சரி." அவரும் ஒதுங்கிக் கம்பியில் சாய்ந்தார். பிறகு டிரைவரைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்ப்பா, கண்ணாடியெல்லாம் ஒரே தூசி. நம்ம துணி எங்கே போச்சு?"