பிலோமினாளின் ரத்தக்குழாய்

பிலோமினாளின் தோல் செல்லிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த மூளை ரத்தக்குழாய், அவளை அடக்கம் செய்து பத்தொன்பது நாளாகியும் உயிரோடிருந்தது. மூளையில் ரத்தம் கசியவைத்து அவளைக் கொன்ற அதே புரதப் படிவு இந்தக் குழாயிலும் திட்டுத்திட்டாகப் படிந்திருந்தது. சோதித்துப் பார்த்த பதினான்காவது மருந்தில் அந்தப் படிவு கரைந்துவிட்டதென்று டாக்டர் ரெஜினா பிலோமினாளின் கணவர் மரியசூசையை வரச்சொன்னார்.

கண்ணாடித் தட்டுக்குள் நூல்போன்ற குழாய் மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது. மரியசூசை வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

“ஒரு மாசம் முன்னாடி இந்த மருந்து கிடைச்சிருந்தா...” என்றார்.

ரெஜினா ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார். “மத்த நோயாளிங்களுக்குக் குடுக்கணும்னா இந்தக் குழாயை அறுத்துச் சோதிக்கணும் ஐயா. அதோட இது செத்துடும். உங்க சம்மதம் வேணும்.”

மரியசூசை கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்காமலே கேட்டார்.

“அறுக்கையில நான் பக்கத்துல இருக்கலாமாம்மா? ஆஸ்பத்திரியில அவ போறப்ப நான் காபி வாங்கப் போயிருந்தேன்.”