இரட்டை வேகச் சமையல்

சமையலறை ஜன்னல் வழியாக வரும் மாலை வெயில், அரிசி டப்பாவில் சாய்த்து வைத்த செல்போன் மேல் விழுகிறது. அதில் ஓடும் வீடியோவில் ஒரு குண்டுச் சமையல்காரர் மூச்சுவிடாமல் ஜோக்கடித்தபடி கேரட் நறுக்குகிறார். மற்றவர்கள் எல்லாம் வாத்தியார் மாதிரி பேசுகிறார்கள் என்று, மூட்டை தூக்கும் கணவன் தேடிப் பிடித்த ஆள் இவர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது முதல் மனைவிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடையில் வாங்கி வந்ததைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அடுப்பில் சூப் கொதிக்கிறது. "ஆளு பறக்குறானே சாமி" என்று வியர்வை வழிய முனகியவன், அவசரத்தில் ஒரு உருளைக்கிழங்கைத் தோலோடு முழுசாகச் சட்டியில் போடுகிறான். பின்னால் களுக்கென்று ஒரு சிரிப்பு. சுவரைப் பிடித்தபடி அவள் நிற்கிறாள்.

"வேகத்த ரெண்டு மடங்கு வச்சிருக்கீங்க. அந்த மனுசன் என்ன ரயிலுக்கா போறாரு?"

அவள் விரல் திரையைத் தொட்டதும் சமையல்காரர் நிதானமாகிறார்.

"நான் என்னத்தக் கண்டேன். தொழில் தெரிஞ்சவங்க கை இப்படித்தான் ஓடும்னு நெனச்சேன்."

"சிரிக்க வைக்காதீங்க, தையல் இழுக்குது."

அவன் ஒரு கரண்டி சூப்பை ஊதி ஊதி நீட்டுகிறான். அவள் உறிஞ்சிப் பார்க்கிறாள். "உப்பே இல்ல." அவன் உப்பைத் தேடித் திரும்புவதற்குள், கரண்டியை வாங்கி அவளே இன்னொரு வாய் குடிக்கிறாள்.